கனநீர் பாட்டிலில் ஏலக்காய்

எங்கள் சமையலறை அலமாரியில் ஏலக்காய் போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் கனநீர் இருந்தது. சாதாரணத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பிள்ளை பெற்றவள் அதைக் குடித்தால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். பதினான்கு நாளில் ஆறேழு முறை இருவர் எச்சிலையும் பஞ்சில் ஒற்றிச் சோதித்தால், குழந்தை எவ்வளவு பால் குடித்தது, வெளித்தண்ணீர் ஏதும் உள்ளே போனதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தாய்ப்பால் ஆய்வு ஒன்றில் அந்தப் பஞ்சைச் சேகரிப்பதுதான் நான் பார்த்த முதல் வேலை.

மார்க்கையன்கோட்டையில் ஒரு அக்கா அந்த ஆய்வுக்கு வந்ததே வீம்பில்தான். மூன்று மாதப் பெண் குழந்தைக்கு எடை ஏறவில்லை. பால் பத்தவில்லை, டப்பாப் பால் வாங்கு என்று தெருவே சொன்னது. "எம் பாலு பத்தும். ஒங்க மெசினே சொல்லட்டும்" என்று கனநீரை ஒரே மடக்கில் குடித்தார். பாட்டிலை அலசிய தண்ணீரையும் விடவில்லை.

முடிவைக் கொண்டுபோன அன்று, பால் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வெளித்தண்ணீரும் போயிருக்கிறது என்றேன். அக்கா முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீகளா? ஒரு சொட்டு வேற குடுத்ததில்ல."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து மெசின்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அப்போது, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் அவர் கணவர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார்.

"நாந்தான். நீ குளிக்கப் போற நேரம் பிள்ள அழுகுது, மனசு தாங்கல. சங்குல ரெண்டு மடக்கு சீனித்தண்ணி..."

அதில் வயிறு நிறைந்து, பால் குடிக்காமல் தூங்கியிருக்கிறது குழந்தை. அக்கா அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு, "எம் பாலு பத்தும்னேன்ல!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சீனி டப்பா அன்றே பரணேறியது. அடுத்த மாதம் குழந்தைக்கு எடை ஏறியது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத அந்த அண்ணன், காலிப் பாட்டிலில் மலை ஏலக்காயை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

இப்போது எனக்கு ஒன்றரை மாதக் குழந்தை. போன வாரம் வீட்டில் "பால் பத்தலையோ" என்று பேச்சு எழுந்தபோது, இத்தனை பஞ்சு ஒற்றிய எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எடை ஏறுதா?"

"ஏறுதுக்கா."

"அப்பறம் என்ன? ஒம் பாலு பத்தும் தாயி. எதுக்கும் ஒங்க வீட்டுக்காரவுக கையில சங்கு இருக்கான்னு பாத்துக்க!"

பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, அவர் இரண்டு கையிலும் குழந்தைதான் இருந்தது.