ரோஸ் மில்க் நிறத்தில் கியர் ஆயில்

என் கணவரின் அண்ணனை, அதாவது என் மச்சாண்டாரை, நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனம் இளகிவிடுவாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆவடி சேக்காட்டில் எங்களுக்கு ஒரே வீடு. கீழே அவர் குடும்பம், மாடியில் நாங்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்ட பிறகு எனக்குக் கிளட்ச் மிதிக்க வராது. ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறி இறங்கினால் முட்டி பணியாரம் போல வீங்கிவிடும். அதனால்தான் என் சம்பளத்தில் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. கார் இருந்தால்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலை இருக்கும். இல்லையென்றால் "ஊட்டோட இரும்மா, எதுக்கு இந்த அவஸ்தை" என்று சொல்ல ஒருவர் கீழ்வீட்டில் தயாராக இருந்தார்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நான் பூந்தமல்லிக்குப் போக வேண்டியிருந்தது. மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தெருவில் தண்ணீர் ஏறுவதற்குள் காரைப் பாலத்துக்கு மேலே கொண்டுபோய் ஓரமாக வரிசையில் நிறுத்தினேன். சாவியை வீட்டில் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். தண்ணீர் வடிந்து நான் திரும்பி வந்தபோது கார் அதே பாலத்தில், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. உள்ளே ஈரச்சாக்கு நாற்றம் அடித்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சொதசொத.

"கண்ணாடிய சரியா ஏத்தாம பூட்டியிருப்பே" என்றார் என் மச்சாண்டார். நான் ஏற்றியிருந்தேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன வேகத்தில், ஏற்றினேனா இல்லையா என்று நானே கொஞ்சம் தடுமாறினேன்.

அதற்கப்புறம் சத்தம் ஆரம்பித்தது. வண்டி நகர்ந்தால் ஒரு முனகல், வேகம் கூடினால் அதுவும் கூடும். எஸ்டேட்டில் நான் பேரிங் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நல்லதா கெட்டதா என்று சத்தத்தை வைத்துப் பிரிப்பதுதான் பிழைப்பு. இந்த முனகல் கெட்ட ரகம் என்று கேட்டதுமே தெரிந்தது. அம்பத்தூர் வரும்போது கியர்பாக்ஸ் சூடு விளக்கு வேறு எரியும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் அணைந்துவிடும். சூட்டோடு மறுபடி கியர் போட்டால் வண்டி யோசித்து யோசித்துத்தான் நகரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் ஆளில்லாத சாலைக்குக் கொண்டுபோனேன். நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தேன். முனகல் இல்லை. ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை அடங்கவிட்டுக் கேட்டேன். முனகல் அப்படியே இருந்தது, சக்கரத்தின் வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கியது. அப்படியென்றால் சத்தம் எஞ்சினோடு சேர்ந்ததல்ல, சக்கரத்தோடு சேர்ந்தது. எண்ணெய் இல்லாமல் சுற்றிய பேரிங் அப்படித்தான் அழும். ஆனால் எண்ணெய் இல்லாமல் அது எப்போது சுற்றியது என்பதுதான் புரியவில்லை.

திருமுல்லைவாயில் பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாய் ஓயாதவர். அளவுக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துவிட்டு, அப்படியே என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இன்னாக்கா இது? ஆயிலா, ரோஸ் மில்க்கா?"

சிவப்பாகக் கண்ணாடிபோல இருக்க வேண்டிய ஆயில், இளஞ்சிவப்பாக நுரைத்துக் கிடந்தது. கருகிய நாற்றம் வேறு.

"உள்ள தண்ணி பூந்துகீது. ஆயிலும் தண்ணியும் கலந்தா பிளேட்டு வழுக்கும். வழுக்குனா சூடு. சூடு ஏறுனா இன்னும் வழுக்கும். அதான் வெளக்கு எரியுது."

ரேடியேட்டரிலிருந்து கசிந்திருக்கலாமே என்று கேட்டேன். அதையும் திறந்து பார்த்தார். அதில் தண்ணீர் குறையவில்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை. "அப்ப உள்ளேர்ந்து வர்ல. வெளியேர்ந்து வந்துகீது. யக்கா, மெய்யாலும் சொல்லு, வண்டிய ஏரில எறக்குனியா?"

காரைத் தூக்கிக் கீழே விளக்கு அடித்தார். கியர்பாக்ஸின் தலைக்கு மேலே வரை சேறு காய்ந்து கோடு கட்டியிருந்தது. இடுக்கில் ஆகாயத்தாமரை வேர் ஒரு கொத்து. முன்பக்கம் கயிறு மாட்டும் கொக்கியின் மூடி உடைந்து, கொக்கியில் நீல நைலான் நார் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"கட்டி இழுத்துகீறானுங்கோ. எஞ்சின் ஆஃப்ல இருந்தா ஆயில் பம்பு சுத்தாதுக்கா. சக்கரம் மட்டும் சுத்திகினே வரும், உள்ள அல்லாமே காஞ்ச எலும்பாட்டம் ஒரசும். முடிஞ்ச்சு. பெட்டிய எறக்கித்தான் ஆவணும். சாமான் வந்ததும் கூப்பிடுறேன், அது வரிக்கும் வண்டிய எடுக்காத."

ஏரி, ஆகாயத்தாமரை, கயிறு. திருநின்றவூர் ஏரிப்பக்கம் என் மச்சாண்டாருக்கு ஒரு மனை இருக்கிறது. அந்த மழையில் அதைப் போய்ப் பார்க்கும் அவசரம் வேறு யாருக்கு இருந்திருக்கும்? பூந்தமல்லியில் அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த எனக்கா?

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டேன். "மாமா, நான் இல்லாதப்போ காரை எங்கயாவது எடுத்துட்டுப் போனீங்களா?"

"நான் எதுக்கும்மா பாலத்து மேல நிக்கிற வண்டியத் தொடணும்? சாமி சத்தியமா தொடல." சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேனோ என்னவோ. விடவில்லை. வீட்டிலுள்ள எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார்.

"ஒரு கால் பிரேக்குல, ஒரு கால் ஆக்சிலேட்டர்ல. ரெண்டையும் சேத்து மிதிச்சா கியர்பாக்ஸ் இன்னாத்துக்கு ஆவும்? பொம்பளைங்க கைல குடுத்தா இப்டித்தான். இனிமே வண்டிய நான் பாத்துக்குறேன். சாவிய குடு."

என் இடது கால் பிரேக்கை மிதிக்குமென்றால் நான் இந்தக் காரையே வாங்கியிருக்க மாட்டேன். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். மெக்கானிக் காரை எடுக்கக் கூடாது என்று சொன்னதையும் சொன்னேன். "மெக்கானிக்கு அப்டித்தான் சொல்லுவான், அவன் பொழப்பு" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியைக் கொடுத்தேன். எச்சரிக்கையை ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் ரயிலில்தான் போனேன். படிக்கட்டில் ஒவ்வொரு படியையும் கைப்பிடியைப் பிடித்து ஏறும்போது அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொள்வேன். முட்டி வலிக்க வலிக்க எனக்குள் ஒரு தெம்பு வரும். கோபத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவரோ காலையில் காரைத் துடைப்பார், தெருமுனைக் கடைவரை ஓட்டிப்போய்த் திரும்புவார். அந்தத் தூரத்துக்குச் சூடும் ஏறாது, முனகல் கேட்கும் வேகமும் வராது. "பாத்தியா, சத்தமே இல்ல, ஓட்றவன் ஓட்னா" என்று என் காதில் விழும்படி சொல்வார்.

பிறகு எனக்கு நல்ல காலம் வந்தது. அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மகள் பேரில் எழுதித் தருவதாகச் சொன்ன திருநின்றவூர் மனையை, சம்பந்தியும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். அவர்களை என் காரில் அழைத்துப் போகப் புறப்பட்டார். சம்பந்தியம்மாளுக்குப் பேச்சுத்துணை வேண்டுமென்று என்னையும் வரச் சொன்னார். நான் நல்ல பட்டுப்புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

சுள்ளென்று வெயில், ஏ.சி. முழுசாக ஓடியது, காரில் நான்கு பேர். பின்சீட்டில் சம்பந்தியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நாத்தனார் கதைக்குத் தலையாட்டிக்கொண்டே என் காதைக் கியர்பாக்ஸில் வைத்திருந்தேன். இந்துக் கல்லூரி தாண்டும்போதே முனகல் சன்னமாகக் கேட்டது. பட்டாபிராம் நெரிசலில் நின்று நின்று போனதில் அது இறங்கிக் கரகரத்தது. விளக்கு எரிந்தது. "சென்சார் கம்ப்ளெயின்ட்டு" என்றார் மச்சாண்டார். முன்சீட்டிலிருந்த சம்பந்தி நம்பினார். நான் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நம்ம மனை மேடு, சம்பந்தி" என்று அவர் பேச்சை மாற்றினார். "ஊரே முழுகுனாலும் அங்க ஒரு சொட்டு நிக்காது." அதைச் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் ஊளையிட்டது. வண்டி நகரவில்லை. மிதித்தார், இன்னும் ஊளையிட்டது. கருகிய வாடை உள்ளே வந்தது. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரனை அலறவிட்டன. எனக்கு ரோஸ் மில்க்கே குடித்ததுபோல அடிவயிறு வரை குளிர்ந்தது.

எல்லோரும் இறங்கி ஓரமாக நின்றோம். தண்ணீர் கேன் ஏற்றிய குட்டி வேன் ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஓரம்வரை கயிறு கட்டி இழுத்துவிடுகிறேன் என்றார். அப்போது நான் மிகவும் பணிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாதாமே மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

வண்டி விஷயத்தில் தெரியாதா என்று கேட்டால் அவர் தாங்க மாட்டார். அதிலும் நான் கேட்டால்.

"ஆமாண்ணாத்தே, இழுத்தா கியர்பாக்ஸு பூடும்" என்று வேன்காரரும் சேர்ந்துகொண்டார்.

"இன்னாத்துக்குப் பூடும்? எனுக்கே சொல்லிக் குடுக்கறியா?" என்று மச்சாண்டார் எகிறினார். "மழையப்போ இதே வண்டி நம்ம மனை வாசல்ல டயரு முழுகுற தண்ணில நின்னுபோச்சு. டிராக்டர்ல கட்டி, நியூட்ரல்ல போட்டு ஆவடி பாலம் வரிக்கும் இழுத்துகினு வந்தேன். இன்னா பூட்ச்சு?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நம்ம மனைலயா சம்பந்தி?" என்று கேட்டார் சம்பந்தி.

மச்சாண்டார் குனிந்து காரிலிருந்து சாவியை உருவினார். நான் கையை நீட்டினேன். சாவியை என் கையில் வைத்தார். கயிறு வேண்டாம், காரை மேலே ஏற்றிப்போகும் வண்டி வரட்டும் என்று திருமுல்லைவாயிலுக்குப் போன் செய்தேன். அது வரும்வரை நான் ஓட்டுநர் இருக்கையில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் வெயிலில் நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சம்பந்தி தம்பதியைத்தான் கூப்பிட்டேன். அவரைக் கூப்பிடவில்லை.

கியர்பாக்ஸ் முழுசாகக் கருகிவிட்டது என்று மெக்கானிக் திட்டினார். அவர் சொன்னபடி வண்டியை எடுக்காமல் வைத்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாமாம். இருக்கட்டும் என்றேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மனையை மட்டும் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பட்டாபிராமிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், கீழ்வீட்டுக்குப் போய்வந்த என் கணவர் மாடியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணன் மூஞ்சப் பாக்கவே பாவமா இருக்கு" என்றார்.

நான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மூஞ்ச நீங்க எப்பங்க பாத்தீங்க?" என்று கேட்டேன்.