அந்தோனியாருக்குப் பிறகு வந்த பேர்

என் கணவரின் பெயர் யேசுரட்ணம். திருகோணமலையில் மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறவர். இருபத்தாறு வருடமாக இவரோடு குடும்பம் நடத்துகிறேன். இன்னும் எனக்கு விசர் பிடிக்கவில்லை. அதற்கு அந்தோனியாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு நோய்தான். யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து எங்களைக் கரைசேர்ப்பார் என்று நம்பிக்கொண்டே இருப்பார். வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் வேலை செய்த காலத்தில் இங்கிலாந்து ராசாவின் படம் எங்கள் முன்னறையில் தொங்கியது. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் போனான், இவருடைய வேலையும் போயிற்று, ராசா சுவரிலிருந்து இறங்கினார். பிறகு ஒரு அமைச்சர் ஏறினார். அவர் தேர்தலில் தோற்றதும் வேறொருவர் ஏறினார். திருஇருதய ஆண்டவர் மட்டும் அதே இடத்தில் இருந்து இந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, இது வீடோ பஸ் ஸ்ராண்டோ?" என்று நான் கேட்காத நாள் இல்லை.

எழுபத்திரண்டில் ஏறியவர் வல்லிபுரநாதன். ஆளுங்கட்சியின் அமைப்பாளர். ஓர்ஸ் ஹில்லில் மேசை, கதிரை போட்டு ஒரு கந்தோர் வைத்திருந்தார். அவர் கடிதம் தந்தால்தான் அரசாங்க வேலை என்று ஊர் முழுக்கக் கதை. எங்கள் மகள் இன்பமலர் சோதனைகள் எல்லாம் பாஸ் பண்ணிவிட்டு, ஆசிரியை நியமனத்துக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தாள். தினமும் காலையில் சேலை உடுத்திக்கொண்டு, அயல் பிள்ளைகளை முற்றத்தில் இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். அந்த நியமனம் வராவிட்டால் பிள்ளை உள்ளுக்குள்ளேயே உக்கிப்போவாள் என்று எனக்குப் பயம்.

இவர் வல்லிபுரநாதனைத் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். ஒரே விளக்கு இரண்டு பேருக்கும் எரிந்தது. கேட்டதற்கு, எண்ணெய் மிச்சம் என்றார்.

மே மாதத்தில் மாதாவின் சிலை, நாங்கள் சுருவம் என்போம், எங்கள் பங்கில் வீடு வீடாக வரும். வந்த வீட்டில் செபமாலை சொல்லி, அதன் பிறகு புனிதர் பிரார்த்தனையும் சொல்வோம். சொல்லுவிக்கிறவர் இவர்தான், நல்ல குரல், புத்தகமும் பார்க்கமாட்டார். ஒவ்வொரு புனிதரின் பெயரையும் இவர் சொல்லச் சொல்ல, கூட்டம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். பாதிப்பேருக்கு வாய் மட்டும்தான் விழித்திருக்கும்.

அந்த வருடம் சுருவம் எங்கள் வீட்டுக்கு வந்தது. "புனித அந்தோனியாரே" என்றார் இவர். வேண்டிக்கொள்ளும் என்றோம். இவருடைய கண் சுவரில் இருந்தது. அடுத்ததாக, அதே இராகத்தில், "வல்லிபுரநாதன் ஐயாவே" என்றார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முப்பது பேரும் சொன்னார்கள். ஒருவரும் திடுக்கிடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சொன்னேன்.

வெளியே வேலியோரம் அடுத்த வீட்டு லாபிர் நானா நின்றுகொண்டிருந்தார். வருடா வருடம் கேட்டுக் கேட்டு, இந்தப் பட்டியலில் வருகிறவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். செபம் முடியும் வரை மரியாதையாகப் பொறுத்திருந்துவிட்டு உள்ளே தலையை நீட்டினார்.

"அல்லாவே, வல்லிபுரநாதன் ஐயா எப்ப மவுத்தானவர்? நேத்துத்தானே கண்டனான்!"

இவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு என்ன, வாய் தவறிவிட்டது என்று விளக்கினோம். ஆனால் கதை எங்கள் விளக்கத்துக்காகக் காத்திருக்குமா? காலை லாஞ்சில் மூதூருக்குப் போய்விட்டது. பத்து மணிக்கு அங்கே கட்சிப் பொடியன்கள் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். பின்னேரம் கந்தோருக்கு ஒரு மலர்வளையம் வந்ததாம். அதை வல்லிபுரநாதனே கையெழுத்துப் போட்டு வாங்கினாராம்.

அடுத்த நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இவரைத் தனியே அனுப்பப் பயந்து நானும் போனேன். பிள்ளையின் நியமனம் இதோடு துலைந்தது என்று வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டே போனேன். இவர் கதிரையில் இருக்காமல், நின்றபடியே நடந்ததைச் சொன்னார். வல்லிபுரநாதன் கோபிக்கவில்லை.

"ஆருக்குப் பிறகு என்ர பேரைச் சொன்னனீர்?"

"அந்தோனியாருக்குப் பிறகு, ஐயா."

"ம். நல்ல இடம்தான்." மேசையில் விரலால் தட்டினார். "வாற மாதம் உங்கட கோயில் திருநாள் அல்லோ? நான் வாறன். மைக்கில அதேமாதிரிச் சொல்லும். மகளின்ர கடிதத்தை அண்டைக்கே கையில தாறன்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. இவரோ வீட்டுக்கு வந்து விளக்கை அந்தப் படத்துக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒருக்காச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுறதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு வாய் தவறினது, மரியமலர். இது அறிஞ்சு சொல்லுறது."

"அறிஞ்சு சொன்னாத்தான் பிள்ளைக்கு வேலை!"

இவர் செபமாலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் கோயில் முற்றம் நிறையச் சனம். வல்லிபுரநாதன் முன்வரிசையில் இருந்தார். மெல்லிய வெள்ளைச் சட்டைப் பைக்குள் இருந்த மண்ணிறக் கடித உறை வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பாடகர் குழுவில் நின்ற இன்பமலரும் பார்த்தாள். இவர் மைக்கின் முன் நின்று பிரார்த்தனையைத் தொடங்கினார். சூசையப்பர் வந்தார், இராயப்பர், சின்னப்பர் வந்தார்கள், அந்தோனியாரும் வந்தார். அதோடு இவர் குரல் நின்றுபோயிற்று.

நான் பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லுங்கோ! பிள்ளையை நினைச்சுச் சொல்லுங்கோ!" மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

இவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பாவிகளாகிய எங்கள்மேலும், வல்லிபுரநாதன் ஐயாமேலும்..."

"இரக்கமாயிரும் சுவாமி" என்றது கூட்டம், பழக்கத்தில், ஒரே குரலாக.

வல்லிபுரநாதன் எழுந்தார். தோள்சால்வையைச் சரிசெய்தார். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். இவர் அடுத்த மன்றாட்டுக்குப் போய்விட்டார், குரலும் நேராகிவிட்டது.

நான் ஓடினேன். சுவரில் தொங்கினவர்களையெல்லாம் இருபது வருடமாக நக்கல் அடித்த நான், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செபமாலை கையில் ஆட ஆட, அவர் ஏறிப்போன காருக்குப் பின்னால் "ஐயா, ஐயா" என்று கத்திக்கொண்டு சந்தி வரைக்கும் ஓடினேன். கார் நிற்கவில்லை. புழுதிக்குள் நின்று இன்னும் கூப்பிட்டேன். என்னைக் காப்பாற்றுங்கோ என்று கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பின்னால் இன்பமலர் வந்து என் கையைப் பிடித்தாள்.

"காணும் அம்மா. அந்தாள் போகட்டும். வாங்கோ, பூசை தொடங்கப்போகுது."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.