கதை, வசனம், இயக்கம்: முன்ஸிர்

ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு கட்சிகளிடமும் அடி வாங்கியவர், வன்னியில் தண்ணீரூற்று என்கிற ஊரைச் சேர்ந்த முன்ஸிர். அந்த இரண்டு கட்சிகளுக்கும் ஒருவரையொருவர் கண்ணில் காட்டக் கூடாது. அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் முன்ஸிரின் முதுகுதான். இது நடந்தது சமாதான காலத்தில். ஆகவே அடியும் சமாதானமாகத்தான் விழுந்தது. துவக்கால் யாரும் சுடவில்லை. சைக்கிள் செயின், தண்ணீர்க் குழாய், கொஞ்சம் மண்ணெண்ணெய், அவ்வளவுதான்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் தூக்கிய இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது முன்ஸிருக்குப் பேக்கரி ஒன்றில் வேலை. போறணை அடுப்புக்குள் பாண் வெந்துகொண்டிருந்தது. அதை எடுக்க விடவில்லை. புத்தளத்தில் அகதி முகாம், அங்கே கல்யாணம், இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு வீடியோக் கடையில் எடுபிடி வேலை. சமாதானம் வந்து பாதை திறந்ததும் "ஊருக்குப் போறன்" என்று எழும்பி நின்றார். மனைவி ஜெமீலா மறிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"போங்க. போய் இருந்து பாருங்க. ஆராச்சும் உங்கள்ல கை வைச்சா அண்டைக்கே திரும்பி வந்திரணும். ஒருத்தரும் கை வைக்கேல்ல எண்டு தெரிஞ்சாத்தான் நானும் பிள்ளைகளும் வருவம்."

முன்ஸிர் சம்மதித்தார். பழைய வளவில் பிள்ளைகள் ஓடித் திரிய வேண்டும், அதுதான் அந்த மனுசனுக்கு வேண்டியிருந்தது. ஒரு ரீவி, ஒரு சீடிப் பெட்டி, ஒரு ஜெனரேற்றர் ஆகியவற்றை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். சொந்த வளவில் ஓலைக் கொட்டில் போட்டு, பின்னேரங்களில் படம் காட்டத் தொடங்கினார். வீடு பிறகு கட்டலாம் என்று எண்ணம்.

குவைத்திலிருந்து வந்த மச்சான் ஒரு சீடி கொடுத்தான். அரபுப் படம். பல நூறு வருடங்களுக்கு முந்தி, ஸ்பெயின் பக்கம் வாழ்ந்த ஒரு முஸ்லிம் ஞானியைப் பற்றியது. அவர் யோசிக்கிறார், எழுதுகிறார். மார்க்கம் தங்களுக்கு மட்டும்தான் விளங்கும் என்கிற ஒரு கூட்டம் அவரைப் பள்ளிவாசலிலிருந்து இழுத்து வந்து தெருவில் போட்டு மிதிக்கிறது, புத்தகங்களைக் குவித்துக் கொளுத்துகிறது. வன்னியில் படம் காட்டுவதென்றால் முதலில் இயக்கத்தின் அனுமதி எடுக்க வேண்டும். பார்வையிட்ட இயக்கப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. ஒரு பெண்ணின் இடுப்பும் தெரியவில்லை, எல்லாரும் நிலம் கூட்டுகிற உடுப்போடு நிற்கிறார்கள். "பக்திப் படம்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது.

பிரச்சினை பாஷை. முன்ஸிர் குர்ஆனை அழகாக ஓதுவார். எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. ஆனால் இதைத் தில்லைநாதனுக்கு யார் விளங்கப்படுத்துவது? தில்லைநாதன் முன்வளவுக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர், படக் கொட்டிலில் முதல் வரிசை வாங்கு அவருக்கு.

"உங்கட பாஷைதானே முன்ஸிர், கேட்டுக் கேட்டுச் சொல்லுமன்."

"எங்கட பாஷை தமிழ் அண்ணை."

"அது தெரியும். அதுக்குக் கீழ ஒண்டு இருக்கும்தானே?"

கீழே ஒன்றும் இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? முன்ஸிர் ரீவிக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்றார். வாய் அசைகிறவர்களுக்கெல்லாம் தானே வசனம் போட்டார். ஞானி கோபப்பட்டால், "மூளையை அல்லாஹ் தந்தது அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டவோ?" என்று கத்தினார். அரசன் வாய் திறந்தால் அவனுக்கு உதவி அரசாங்க அதிபரின் குரல். கொட்டில் சிரித்துச் சரிந்தது.

"டேய், இதில ஆரடா வில்லன்? எல்லாருக்கும் தாடி!" என்றார் தில்லைநாதன்.

"புத்தகம் வைச்சிருக்கிறவர் நல்லவர் அண்ணை. பந்தம் வைச்சிருக்கிறவன் கெட்டவன்."

அடுத்த காட்சிக்கு உரப்பையை விரித்து விளம்பரம் எழுதினார். மற்றப் படங்களுக்கு இந்தியச் சீடி உறையைப் பார்த்து "கதை, வசனம், இயக்கம்" என்று எழுதி, அதில் உள்ள பெயரைப் போடுவது வழக்கம். இந்த உறையில் இருந்தவற்றில் அந்தப் பெயர் எதுவென்று பிடிபடவில்லை. கதையும் வசனமும் எப்படியும் தன்னுடையதுதானே என்று நினைத்தார். சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சந்தியில் கட்டினார்: கதை, வசனம், இயக்கம்: முன்ஸிர்.

சென்னையில் இயக்கம் என்றால் படத்தை எடுத்தவர். வன்னியில் இயக்கம் என்றால் இயக்கம். இரண்டாவது அர்த்தம் தெரியாதவன் அந்த மண்ணில் பிறந்திருக்க முடியாது. முன்ஸிருக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருடம் வீடியோக் கடையில் இருந்தவருக்கு முதல் அர்த்தம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

முதலில் வந்தது சிறாஜ். திரும்பி வந்த குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. சவூதிக்குப் போய் வந்தவன். காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். ரீவி என்பது சைத்தானின் பெட்டி என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவனும் அவனுடைய இரண்டு மச்சான்மாரும் குளக்கட்டில் முன்ஸிரின் சைக்கிளை மறித்தார்கள்.

"முன்ஸிர் நானா, இயக்கம் முன்ஸிராம்?"

"ஓம். வேற ஆர் இருக்கினம்?" என்றார் முன்ஸிர் பெருமையாக.

இந்தப் பதிலுக்குப் பிறகு அவரை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது.

"எங்களைத் துரத்தினவங்களோட சேர்ந்து, மார்க்கத்திட பேரால கூத்துக் காட்டுறியோ?" முதல் அடியே சைக்கிள் செயின். காதுமடல் கிழிந்து தொங்கியது. விழுந்தவரின் வாயில் சிறாஜ் செருப்புக்காலால் உதைத்தான். முன்பல் ஒன்று மண்ணில் கிடந்தது. மச்சான்மார் இரண்டு பேரும் விலாவைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

"படத்தில ஆலிமைப் போட்டு மிதிக்கிற கூட்டம் ஆரு? எங்களையோ சொல்லுறாய்?"

"ஸ்பெயின்காரர் தம்பி" என்றார் முன்ஸிர், இரத்தத்தைத் துப்பிவிட்டு. ஸ்பெயினுக்காகத் தனியாக நாலு விழுந்தது.

அன்று பின்னேரம் ரெலிபோன் கடையிலிருந்து ஜெமீலாவோடு கதைத்தார். குரல் ஏன் இப்படிக் காற்றடிக்கிறது என்று அவள் கேட்டாள். பேரீச்சம்பழக் கொட்டையைக் கடித்துப் பல் போய்விட்டதென்றார். "மற்றபடி சுகம். கை வைக்க இஞ்ச ஒருத்தரும் இல்ல" என்றார். விலாவைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

உரப்பை இன்னும் சந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அடுத்ததாக வாசித்தது இயக்கத்தின் பொறுப்பாளர். முன்ஸிரை முகாமுக்குக் கூப்பிட்டார். பொறுப்பாளருக்கு வயது இருபத்தைந்து இருக்கும், முன்ஸிரை "நீர்" என்றார்.

"இயக்கம் உம்மட வாப்பான்ர சொத்தோ?"

"இல்லத் தம்பி, இது அந்த இயக்கம் இல்ல. படத்தில இயக்கம் எண்டா, எல்லாரையும் ஆட்டிவைக்கிறவர்."

"எங்களை ஆர் ஆட்டிவைக்கிறது?"

முன்ஸிர் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அது விசாரணையாகிவிட்டது. மரத்தில் தலைகீழாகக் கட்டி உள்ளங்காலில் தண்ணீர்க் குழாயால் அடித்தார்கள். தோல் வெடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். இறக்கி, விரல்களைக் கதிரைக் காலுக்குக் கீழே வைத்து ஒருவன் கதிரையில் ஏறி இருந்தான். இரண்டு நகங்கள் போயின. அந்த நிலையில்தான் பொறுப்பாளர் மொழிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்.

"அதுக்கு நெறியாள்கை எண்டு நல்ல தமிழ்ச்சொல் இருக்கு. தெரியாதோ?"

"இப்ப தெரியும் தம்பி."

"எழுதும் பாப்பம்."

நகமில்லாத விரலால் எழுதினார். நெறியாள்கை. றகரம் சரியாக விழுந்திருந்தது. விடும்போது பொறுப்பாளர், காதைக் கிழித்தது யார் என்று கேட்டார். அது நாங்கள் செய்த வேலை இல்லையே என்ற நியாயமான சந்தேகம் அவருக்கு.

இங்கேதான் முன்ஸிர் கணக்குப் போட்டார். சிறாஜின் பெயரைச் சொன்னால் சிறாஜ் திரும்பி வரமாட்டான். அதோடு நிற்காது. முஸ்லிம்களுக்குள் மார்க்கச் சண்டை, குழு ஒன்று வளர்கிறது என்று எழுதுவார்கள். திரும்பி வந்தவர்களையெல்லாம் இன்னொரு தரம் போகச் சொல்வார்கள். பிறகு ஜெமீலா வர ஊர் எங்கே இருக்கும்?

"சைக்கிளால விழுந்தனான்" என்றார்.

கால் ஆறியதும் புது உரப்பையில் "நெறியாள்கை" என்று எழுதிப் படத்தை மறுபடி ஓட்டினார். சனம் முன்னரைவிடக் கூடுதலாக வந்தது. அடி வாங்கிய படம் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும். அந்தப் பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல், புத்தளத்திலிருந்து பஸ் ஏறி ஜெமீலா வந்து இறங்கினாள். பிள்ளைகளைத் தன் லாத்தாவிடம், அதாவது அக்காவிடம், விட்டுவிட்டு வந்திருந்தாள். புருசன் ரெலிபோனில் ஒவ்வொரு தரமும் எங்கேயோ விழுந்ததாகச் சொல்கிறாரே, ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. தில்லைநாதனின் மனைவி இராசேஸ்வரி அவளைக் கண்டு, பெண்கள் பக்கத்து வாங்கில் இருத்தினாள்.

ஜெமீலா முதலில் பார்த்தது படத்தையல்ல. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள். திரையில் புத்தகங்கள் எரியத் தொடங்கின. கொட்டிலுக்குள் புகை வந்தது.

"படம் எண்டால் இதடா படம்! மூக்குக்கே வருது!" என்று தில்லைநாதன் தொடையில் தட்டினார்.

கூரையின் பின்மூலை எரிந்துகொண்டிருந்தது. பிறகு கத்தல், வாங்குகள் புரளல், ஓலைவேலியைப் பிய்த்துக்கொண்டு சனம் ஓடல். எரிந்த கூரைவளை மரம் ஒன்று முறிந்து முன்ஸிரின் தோளில் விழுந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. ரீவி வெடித்தது. அவர் தவழ்ந்து வெளியே வந்தபோது சிறாஜ் இரும்புக் கம்பியோடு நின்றான். கம்பி முழங்காலில் விழுந்தது, சில்லு நொறுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தில்லைநாதன் ஓடிவந்து மண்வெட்டிப் பிடியால் ஒரு மச்சானின் மணிக்கட்டை முறித்தார். மற்ற மச்சான் தில்லைநாதனின் நெற்றியைக் கல்லால் பிளந்தான்.

அதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம். பொறுப்பாளரும் இரண்டு பேரும். மச்சான்மார் பற்றைக்குள் மறைந்துவிட்டார்கள். சிறாஜ் மட்டும் கம்பியும் கையுமாக நின்றான்.

"ஆர் கொளுத்தினது?"

"ஜெனரேற்றர் தம்பி. பொறி பறந்தது" என்றார் முன்ஸிர் நிலத்தில் கிடந்தபடி.

"நீர் வாயைத் திறந்தால் பொய்தான்." ஒருவன் துவக்குப் பிடியால் முன்ஸிரின் தாடையில் இடித்தான். இது ஜெமீலாவின் கண்முன்னே நடந்தது. இவளுக்கு ஏதோ தெரியும் என்று பொறுப்பாளர் அவளுடைய முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ. ஆர்?"

ஜெமீலாவுக்கு ஒரு பெயர் சொன்னால் போதும். புருசனை அடித்தவனுக்கு அடி கிடைக்கும், அவள் இரவு பஸ்ஸில் ஊரைவிட்டுப் போகலாம். அவளுடைய நிபந்தனைப்படியும் அதுதான் சரி. சிறாஜைப் பார்த்தாள். அவன் வேட்டையில் அகப்பட்ட பன்றிமாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். வேலிக்கு அப்பால் அவனுடைய மனைவி பஸ்லியா பிள்ளையோடு நின்றாள், அதற்குப் பின்னால் திரும்பி வந்த மற்றக் குடும்பங்கள்.

"ஜெனரேற்றர்தான்" என்றாள் ஜெமீலா. "நான் பக்கத்தில இருந்தனான். பெற்றோல் கசிஞ்சு பத்தினது. இந்தத் தம்பி அணைக்க வந்தவர்."

"அணைக்க இரும்புக் கம்பியோ?"

"எரியிற ஓலையை வேற எதால இழுக்கிறது? கையாலயோ?"

பொறுப்பாளர் நம்பவில்லை. "நீங்கள் ஆர், எங்க இருக்கிறீங்கள்?"

"இவர்ர பெண்சாதி. இஞ்சதான் இருக்கப் போறன்."

அவர்கள் போனபிறகு இராசேஸ்வரி முன்ஸிரின் தோளுக்கு வாழைக்குருத்து வைத்துக் கட்டினாள். முன்ஸிர், தாடை ஒரு பக்கம் போய்க் கிடக்க, கேட்டார்.

"உண்மையாத்தான் சொன்னனீங்களோ?"

"கை வைச்சா வந்திருங்க எண்டனான். உங்கள்ல கை வைக்காத இடம் எது மிச்சம் இருக்கு?" என்றாள் ஜெமீலா. பிறகு, கோபம் குறையாமலே, "இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிப்போட்டு நான் பஸ் ஏறினா, பொய் எண்டு அவங்களுக்கு விளங்கிரும். நாளைக்குச் சிறாஜைத் தூக்குவாங்கள், நாளையண்டைக்குத் திரும்பி வந்த எல்லாரையும் லொறியில ஏத்துவாங்கள். இனி எங்க போறது?"

எனக்குத் தெரிந்து ஒரு பொய்யைக் காவல் காக்கவென்று குடியேறிய ஒரே குடும்பம் அதுதான். அரசாங்கத்தின் மீள்குடியேற்றப் புள்ளிவிபரத்தில் இதற்கென்று தனி நிரல் கிடையாது.

மறுநாள் விடிய, விறகு கொத்துகிற கத்தியோடு சிறாஜின் வீட்டு வேலிப் படலைக்கு ஜெமீலா போனாள். என்ன கதைத்தாள் என்று பஸ்லியா யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வெயில் ஏறுவதற்குள் சிறாஜ் ஓலைக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். மனம் திருந்திவிட்டான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வரும் வழியில் எரிந்த ரீவியின் மேல் காறித் துப்பிவிட்டுத்தான் ஏணியில் ஏறினான். மேலேயிருந்து கேட்டான்.

"இதில படம் போடுறதெண்டா நான் கட்டமாட்டன். வீடெண்டாக் கட்டுறன்."

"பகல்ல வீடு. பின்னேரம் எதுவெண்டு பிறகு யோசிப்பம்" என்றாள் ஜெமீலா.

அவன் இறங்கப் பார்த்தான். அவள் ஏணியை எடுத்து வேலியோரம் சாத்திவிட்டு, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் குந்தினாள். மத்தியானம் பாங்கு சொன்னது.

"லாத்தா, தொழப் போகணும். ஏணி!"

"அந்த வரியை முடிச்சிட்டு இறங்கு. இறுக்கிக் கட்டு, மழை ஒழுகினா நாளைக்கும் ஏறுவாய்."

வளைக்கு மேல் குந்தியபடி சிறாஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஓலையை எடுத்தான்.