இடதுபக்கக் கதவு

அந்த ஞாயிறு மதியம் சீட்டுக் கூற, அதாவது மாதச் சீட்டை ஏலத்தில் கேட்க, வந்திருந்தவர்கள் பதினெட்டுப் பேர். பாரிஸில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ் அறை. அரிசி மூட்டைகளிலும் கவிழ்த்த பெட்டிகளிலும் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர்தான் சீட்டை நடத்துபவர். அப்படி நடத்துபவரைத் தாச்சி என்போம். வராதவர்கள் இருவர். ஒருவருக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, மற்றவருக்குக் காய்ச்சல். என் அக்காவும் அங்கே இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். தன் கணவர், அதாவது என் அத்தான், அன்றைக்கு என்ன செய்யப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

அத்தான் பாரிஸுக்கு வெளியே ஒரு பெரிய கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். சாதாரணச் சனம் வாங்குகிற சின்னக் கார்கள் அங்கே வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொன்றுக்கும் முன்பக்க இடது கதவைப் போடுவது அவர் வேலை. பிரான்சில் அது ஓட்டுநரின் கதவு.

அந்த ஆண்டுகளில் சாதாரணச் சனம் கார் வாங்குவதை நிறுத்தியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். கார் து நோர் நிலையத்துக்குப் போகும் ரயிலில் யாரோ விட்டுப்போன பத்திரிகையை எடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து, என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களுக்கு விளக்கம் சொல்வேன். வேலை போகுமோ என்று பயந்தவன் பழைய காரையே இன்னொரு வருடம் ஓட்டுவான். அவன் ஓட்ட ஓட்டத் தொழிற்சாலையில் இன்னொருவனுக்கு வேலை போகும். இவ்வளவுதான் அதன் சாரம். அத்தானுக்கு இதற்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. தொழிற்சாலையின் பின்வளவில் விற்காத கார்கள் புல் முளைத்த தரையில் நின்றன. வேலை வாரத்தில் நான்கு நாளாகி, பிறகு மூன்று நாளானது. ஆட்குறைப்புப் பட்டியல் மாத முடிவில் ஒட்டப்படும் என்று பேச்சு. கடைசியாக வந்த வெளிநாட்டுக்காரர்தான் முதலில் போவார்கள் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்போதுதான் நிர்வாகம், நின்றுபோன கார்களைத் தொழிலாளருக்குக் குறைந்த விலையில் தருவதாகச் சொன்னது. வேலையில் இருக்கும்வரைதான் அந்த விலை. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் இல்லை. அத்தான் பின்வளவில் கடுகு நிறத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். யாருக்கும் பிடிக்காத நிறம். விலை இருபத்து மூவாயிரம் பிராங். கையில் இருந்தது ஆறாயிரம். மிச்சம் சீட்டில்தான் வரவேண்டும், அதுவும் அந்த மாதமே.

எங்கள் சீட்டில் இருபது பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம். சேரும் இருபதாயிரத்தில் யார் கூடுதலாகக் கழிவு விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அத்தான் மூவாயிரம்வரை விடலாம். அதற்கு மேலே போனால் கார் இல்லை.

தாச்சி அண்ணை ஆயிரத்தில் தொடங்கினார். அன்று எதிர்த்துக் கேட்டவர் ஒருவர்தான், மன்னார் அண்ணை. கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த தன் தம்பியைப் பிரான்சுக்குக் கூப்பிட அவருக்குக் காசு தேவை. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று மாறிமாறி ஏறியது. அத்தான் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். மன்னார் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு மூவாயிரம் என்றார்.

அதற்கு மேலே அத்தானால் போக முடியாது. தாச்சி அண்ணை ஒருதரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லுமுன் மன்னார் அண்ணையே அத்தானிடம், இவ்வளவு கழிவு விட்டு உமக்கு என்ன அவசரம் என்று கேட்டார். அத்தான் காரைப் பற்றிச் சொன்னார். அறை முழுக்கச் சிரித்தது.

"வேலை போகப்போகுது எண்டு நீரே சொல்லுறீர். பிறகு என்னத்துக்குக் கார்? வேலையில்லாதவைக்குக் குடுக்கிற சொமாஜ் காசு எடுக்கக் காரிலையோ போறது?" என்றார் மன்னார் அண்ணை.

அத்தானும் சிரித்தார். பிறகு சொன்னார்: "மூண்டு வரியமாக் கதவு போடுறன் அண்ணை. எல்லாம் வெளியிலை நிண்டுதான். உள்ளை இருந்து ஒருக்காலும் சாத்திப் பாக்கேல்லை."

"கதவு சாத்தவோ இருபத்து மூவாயிரம்?"

"வேலையை அவை எடுக்கட்டும். ஆனா அந்த வாசலாலை நான் நடந்து வெளியிலை வரமாட்டன்."

சிரிப்பு அடங்கியது. தாச்சி அண்ணை என் பக்கம் திரும்பி, படித்த பிள்ளை என்ன சொல்லுறீர் என்று கேட்டார். கணக்குப்படி இது சரியில்லை, ஆனால் வாங்கட்டும் என்றேன். படித்தவனே இப்படிச் சொன்னால் நாடு உருப்படுமா என்று ஒருவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

மன்னார் அண்ணை தாடையைத் தடவினார். "ஏஜென்சிக்காரன் இன்னும் பாஸ்போட்டே ஒழுங்கு பண்ணேல்லை. என்ரை தம்பி அடுத்த மாசமும் வரலாம். இவரின்ரை கார் வராது. தாச்சி, என்ரை கேள்வியை எடுக்கிறன்." பிறகு அத்தானைப் பார்த்து, "ஆனா அவன் வந்து இறங்கேக்கை உம்மடை காரிலைதான் ஏத்திவாறது. பெற்றோலும் உம்மடை" என்றார்.

"ஓம் அண்ணை" என்றார் அத்தான். அவர் கேட்ட இரண்டாயிரத்து ஐந்நூறு கழிவுக்கே சீட்டு அவருக்கு விழுந்தது.

ஊரில் லொறி ஓட்டிய லைசென்ஸை அவர் வந்த வருடமே மாற்றி வைத்திருந்தார். புதன்கிழமை நானும் கூடப் போனேன். பின்வளவில் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தோம். சாவி தந்த போர்த்துக்கீசர் சிதறிய தேங்காய்த் துண்டொன்றைப் பொறுக்கித் துடைத்துத் தின்றார், நன்றாக இருக்கிறது என்றார். அத்தான் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். திறந்தார், மறுபடி சாத்தினார். தான் போட்ட கதவுதானா என்று அவருக்கும் தெரியாது. ஆனால் முகம் அப்படி விரிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் இருந்தது.

கடைசி நாள் மாலை நான் தொழிற்சாலை வாசலில் நின்றேன். வேலை முடிந்தவர்கள் தலை குனிந்தபடி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அந்தக் கடுகு நிறக் கார் மெதுவாக வந்தது. அத்தான் நிறுத்தி, அன்றோடு வேலை போன இரண்டு மொரோக்கோக்காரரைப் பின்னால் ஏற்றினார், என்னை முன்னால் கூப்பிட்டார். வாசல் காவலாளி தடையைத் தூக்கித் தொப்பியில் கை வைத்தார். அதை அவர் கேலியாகச் செய்யவில்லை. லா சப்பலில் மெத்ரோ பாலத்துக்குக் கீழே நாங்கள் வந்து நின்றபோது தாச்சி அண்ணை கடையைப் போட்டபடி போட்டுவிட்டு ஓடிவந்தார். என் அத்தான் என்று அன்று தெரியாதவர்களுக்கும் சொன்னேன்.

காப்புறுதிக்கு என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். காரின் விலை, சீட்டில் விட்ட கழிவு, பதிவு, காப்புறுதி, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். இருபத்தேழாயிரத்து இருநூற்று முப்பத்தெட்டுப் பிராங்.