முதலில் வாங்கிய ஹெட்செட்

எனக்குப் பன்னிரண்டு வயதான தீபாவளியில், உறவினர்கள் சின்ன உறைகளில் போட்டுக் கொடுத்த அங்பாவ் பணத்தை அம்மா முதல் முறையாக என்னிடமே விட்டுவிட்டார். அதற்கு முந்தைய வருடங்களில் எல்லாம், பத்திரமாக வைக்கிறேன் என்று அவர் வாங்கிக்கொண்ட பணம் உண்மையிலேயே மிகப் பத்திரமாக இருந்தது. நான் அதைத் திரும்பப் பார்த்ததே இல்லை.

அப்போது நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். கூடத்து மூலையில் கம்ப்யூட்டர். அதை ஒட்டிய அறையில் அப்பா. அவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். நான் பள்ளிவிட்டு வரும்போது அறைக்கதவு பாதி திறந்திருக்கும்.

நான் விளையாடியது, ஐந்து பேர் சேர்ந்து எதிரணி ஐந்து பேரைத் தேடிச் சுடும் ஆட்டம். என் மௌஸை ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை சுடும். கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. திரை, அம்மாவின் ஆபீசில் வேண்டாமென்று கழித்தது. எதை மாற்றினாலும் தகும். ஆனால் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போதும். என் மனமோ வண்ண வண்ணமாக விளக்கு எரியும் கீபோர்டு ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சுங்கை பூலோவிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகனிடம் யோசனை கேட்டேன். அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்பவர். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று ஆட்டம் பார்த்தார். மூன்றிலும் யாரோ பின்னாலிருந்து வந்து என்னைச் சுட்டான்.

"லைட் எரிஞ்சா ஜெயிச்சிடுவியா? எதனால தோக்குறியோ அத மொதல்ல மாத்து லா," என்றார்.

பின்னால் வருகிறவனின் காலடி கேட்காததால்தான் தோற்றேன். அப்பா தூங்குகிறாரே என்று ஸ்பீக்கரை முணுமுணுப்பாக வைத்திருந்ததால் காலடி கேட்கவில்லை. ஆகவே ஹெட்செட். எனக்கு வெற்றி, அப்பாவுக்கு நிம்மதியான தூக்கம். கடையில் அந்தக் கீபோர்டைக் கடந்து நடந்தபோது, என் தியாகத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

நான் ஜெயிக்கத் தொடங்கினேன். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அறையிலிருந்து தூக்கக் குரல் ஒன்று வரும்.

"ஜெயிச்சிட்டியா மா?"

தோற்றுவிட்டேன் என்பேன். பரவாயில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். ஹெட்செட் மாட்டிய பிறகு அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை; கேட்கவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. சில மதியங்களில் திரும்பிப் பார்த்தால் அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருப்பார். ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி என்னவென்று கேட்பேன். ஒன்றுமில்லை, விளையாடு என்று போய்விடுவார். அவர் சரியாகத் தூங்குவதில்லை என்று அம்மா கவலைப்பட்டார். வெயில்தான் காரணம் என்று முடிவு செய்து, மேசை விசிறி ஒன்று வாங்கி வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, வேலை முடிந்து வந்த அப்பாவின் கையில் ஒரு ஜோடி புது ஸ்பீக்கர். தூங்கப் போகாமல் அவரே அதை மாட்டினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அடுத்தது மௌஸ், பிறகு கீபோர்டு, பிறகு திரை. ஸ்பீக்கர் என் வரிசையிலேயே இல்லை. அண்ணன் எனக்குச் சொன்னதை எல்லாம் அவருக்கு விளக்கினேன். மேலதிகாரி பேசுவதைக் கேட்பவரைப் போலத் தலையாட்டிக் கேட்டார்.

"சரி மா. ஆனா அப்பப்ப இதுலயும் போட்டு விளையாடு. எனக்குத் தூக்கமெல்லாம் கெடாது."

மனம் நோகக்கூடாதே என்று அன்று மதியம் ஸ்பீக்கரில் ஓர் ஆட்டம் ஆடினேன். வீடே அதிர்ந்தது. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே அறையிலிருந்து குறட்டை கேட்டது. இந்தச் சத்தத்தில் ஒரு மனிதர் எப்படித் தூங்குகிறார் என்று வியந்துவிட்டு, மறுநாள் மீண்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று காதில் விழுந்தால்தான் அவருக்குக் கண் அசரும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், அந்தக் காசுக்கு நல்ல மௌஸ் ஒன்று வாங்கியிருக்கலாம் என்பதுதான்.