யமுனாவின் உயரம்

எலும்பு வலித்தால்தான் அது இருப்பதே தெரியும் என்று பெரியப்பா சொல்வார். அதற்குப் பிற்பாதி ஒன்று உண்டு, மறந்துவிட்டது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பவன் பிழைப்பு, வலிக்கும் முன்பே போய்ப் பார்ப்பது. வெளியே காத்திருப்பவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வயது

எங்கள் மேசையில் படுப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய அம்மாக்கள். அன்று டாக்டர் நிரப்பி அனுப்பிய பாரத்தில் பெயர் யமுனா, ஊர் கெப்பாலா பத்தாஸ், வயது இருபத்து மூன்று. நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருவது. நுரையீரலில் சளி பசைபோல ஒட்டும். கணையம் ஒழுங்காக வேலை செய்யாததால் விட்டமின் டி உடம்பில் ஏறாது. இளம் வயதிலேயே எலும்பு மெலியும். மான்செஸ்டரில் இருந்த இருபது வருடமும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவன் நான். பினாங்கு திரும்பிய பிறகு இவள்தான் முதல். கவுண்டரில் இருக்கும் மாலா பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மாவோட பாரத்துல மக பேர எழுதிட்டாங்க போல. கேட்டுட்டு வாங்க லா, அண்ணே."

அசையாமல்

ஸ்கேன் ஓடும்போது அசையக் கூடாது. யமுனாவுக்கோ ஓயாத இருமல். மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் படம் கலைந்தது. நான்காவது முறைதான் சரியாக வந்தது. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். போன வருடம் இருமி இருமியே ஒரு விலா எலும்பு விரிசல் கண்டதாம். பத்து காவான் என்ற ஊரில் அவளுக்கு ஃபேக்டரி வேலை.

"லீவுக்கு டாக்டர் லெட்டர கொடுத்தேன் அங்கிள். அடுத்த தடவ தும்மி கால உடைச்சிக்கிட்டு வான்னாரு சூப்பர்வைசர்."

உயரம்

உயரக்கோலுக்கு முன்னால் சக்கர நாற்காலிகள் இரண்டு. நகர்த்தச் சோம்பல். "உயரம்?" என்றேன். "நூத்தி அறுபது," என்றார் கூட வந்திருந்த அவள் அம்மா. அப்படியே கணினியில் தட்டினேன். எண்களும் பரவாயில்லை என்றே வந்தன. ரிப்போர்ட் கீழே டாக்டருக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது யமுனா மாலாவின் பக்கத்தில் நின்றாள். மாலா நூற்று ஐம்பத்தைந்து. இவள் அவளைவிடக் குள்ளம். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு அளந்தேன். நூற்று ஐம்பத்து நான்கு.

"கல்யாண பயோடேட்டாவுல ரெண்டு கூட்டிப் போட்டோம், அதையே சொல்லிட்டேன்," என்றார் அம்மா. அவர் கையிலிருந்த பழைய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். பதினெட்டு வயதில் நூற்று ஐம்பத்தெட்டு. அம்மா கூட்டியது இரண்டு. ஐந்து வருடத்தில் இவள் இழந்தது நான்கு. முதுகெலும்பு நசுங்கினால் ஆளின் உயரம் குறையும். நசுங்கிய எலும்பை இயந்திரம் அடர்த்தியானது என்றே காட்டும். அந்தப் 'பரவாயில்லை'யை இனி எப்படி நம்புவது?

"எழுதிடாதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல வராங்க," என்றார் அம்மா.

யமுனா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்க அங்கிள். சுருங்கறது நானு, அம்மா இல்ல."

கீழே போய் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி, 154 என்று திருத்தி, 'முதலில் நான் அளக்கவில்லை. முதுகெலும்பு எக்ஸ்ரே தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன்.