வளைவில் விட்டுக்கொடுத்த இடம்

நான் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுகிறவள். நேர்க்கோட்டில் என்னைப் பிடிப்பது கஷ்டம். வளைவு வந்தால் மட்டும் உள் ஓரத்தை விட்டு விலகிவிடுவேன். அந்த இடைவெளியில் பின்னால் வருகிறவள் புகுந்து முன்னே போய்விடுவாள். நான் வெளிப்பக்கமாக அதிக தூரம் ஓடித் தோற்பேன். மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு பேருக்குத்தான் மாநிலப் போட்டி. போன முறை மூன்றாவதாக வந்தேன். வயது வரம்பில் இது கடைசி வருஷம். இதை விட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை மறந்துவிட வேண்டியதுதான். மறக்க நான் தயாராக இல்லை.

கோச் முதலில் சென்னையில் இருந்த விளையாட்டு உளவியலாளர் ஒருவரிடம் வீடியோ காலில் பேசவைத்தார். நல்ல மனிதர். வளைவில் யார் மீதாவது மோதிவிடுவோம் என்று பயமா என்று கேட்டார். இல்லை என்றேன். மூச்சைச் சீராக்கக் கற்றுக்கொடுத்தார். வளைவு வரும்போது மனசுக்குள் சொல்ல ஒரு வாக்கியமும் கொடுத்தார்: "இது என் இடம்." சொன்னேன். சொல்லிக்கொண்டே விலகினேன். எரிச்சலில் அழுதேன்.

பிறகு எங்கள் ஊர் செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு மேடத்திடம் போனேன். ஒரு காலத்தில் நீச்சல் வீராங்கனை. இப்போது விளையாட்டுக்காரர்களுக்கு ஆழ்மனப் பயிற்சி கொடுக்கிறார் என்றார்கள். வெள்ளைக்காரர்கள் தியானம் என்று கண்ணை மூடி உட்காரும் தெருவில் எனக்கென்ன வேலை என்று கிண்டலாகத்தான் இருந்தது. பாயில் படுக்கவைத்தார். உடம்பு தளர்ந்து பாதித் தூக்கம் வந்ததும், "இப்ப மனசுக்குள்ள ஓடுங்க. தெரியறதைச் சொல்லிட்டே வாங்க" என்றார்.

ஓடினேன். வளைவு வந்தது.

"உள்பக்கம் யாராவது இருக்காங்களா?"

"யாரும் தெரியலீங்க."

"அப்ப ஏன் நகர்றீங்க?"

"அவங்களுக்கு எடம் வுடணும் இல்லீங்களா?"

"யாருக்கு?"

"சித்தருங்களுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

சிரிப்பு வந்தது, தூக்கிவாரியும் போட்டது. கிரிவலத்தில் மலையை ஒட்டிய பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற பக்கம் என்பார்கள். நாம் வெளி ஓரமாகத்தான் போக வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மா என் தோளைப் பிடித்து அந்த ஓரத்துக்குத் தள்ளித்தான் கூட்டிப்போயிருக்கிறாள். நான் தினம் ஓடிப் பழகியதும் அதே சாலை, அதே ஓரம். சித்தர்களுக்காக விட்ட இடத்தில், போட்டிக்கு வந்த செய்யாற்றுப் பெண்கள் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து மலைப்பக்க ஓரத்தில் ஓடுவது என்று முடிவெடுத்தேன். கேட்டதும் அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடி இது? அவங்க நடக்கற எடத்துல போயி ஓடுவியா?"

"கும்பிட்டுட்டுத்தாம்மா ஓடப்போறேன். கொஞ்ச நாளைக்கு எனக்கும் எடம் குடுக்கட்டும்."

"எதுனா ஆயிட்டா?"

"செலக்ட் ஆவலைன்னா, அதவிட இன்னா ஆவப்போவுது?"

அதற்கப்புறம் சில நாட்கள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் ஓடும்போது முதுகு கூசியது. யார் காலையோ மிதித்துவிட்ட மாதிரி கால் தானாக வெளியே இழுக்கும். அப்போதெல்லாம் உளவியலாளர் கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். எதை எதிர்த்துச் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டதால் இப்போது அது வேலை செய்தது. சாயங்காலம் மேடத்தின் பாயில் படுத்து மனசுக்குள் ஓடும்போதும் உள் ஓரம்தான். இந்த இரண்டில் எது உசத்தி என்று கோச் கேட்டார். பட்டிமன்றம் வைக்க எனக்கு நேரமில்லை சார், இரண்டும் வேண்டும் என்றேன்.

போட்டியில் கடைசி வளைவுக்கு இரண்டாவதாக வந்தேன். போன முறை என்னைத் தாண்டிப் போனவள் பின்னால் நெருங்கினாள். அவள் மூச்சு என் இடது காதில் கேட்டது. உள்ளே இடம் கிடைக்கும் என்று நம்பித்தான் வந்தாள். என் கால் வெளியே போகப் பார்த்தது. விடவில்லை. முழங்கை உரசியது, உள் கோட்டை ஒட்டியே ஓடினேன். அவள் தடுமாறி வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தாள். முடிவுக் கோட்டில் என் தோளுக்குப் பின்னால்தான் இருந்தாள்.

மூச்சு வாங்கியபடி புல்லில் உட்கார்ந்து அழுதாள். மூன்றாவதாக வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வளைவை இன்னொரு முறை ஓடச் சொன்னால் அப்போதும் இடம் விடமாட்டேன்.